இரத்மலானை – பலாலி: 329 கிலோமீற்றருக்கு எவ்வளவு நேரம்?

கொழும்பின் தெற்கே உள்ள இரத்மலானை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 329 கிலோமீற்றர், அதாவது 178 கடல் மைல். தூரத்தில் குழப்பமில்லை, நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மணிக்கு 800 கிலோமீற்றர் போகும் ஜெட்டை வைத்துக் கணக்குப் போட்டால் 25 நிமிடம் வரும். ஆனால் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டபோது அதன் ஓடுபாதை 1,400 மீற்றர்தான். சென்னையிலிருந்து அங்கே வருவதும் ஜெட் அல்ல, ஏ.ரி.ஆர். 72 என்ற சுழல்விசிறி விமானம்தான்.

உள்ளூர்ச் சேவைக்கு ஏற்றது செஸ்னா கரவான் போன்ற ஒற்றை இயந்திர விமானம். அதன் நடைமுறை வேகம் சுமார் 165 நொட், அதாவது மணிக்கு 165 கடல் மைல். காற்றில்லாத நாளில் 65 நிமிடம், மேலேறவும் இறங்கவும் இன்னும் ஐந்து பத்து நிமிடம். பாதை ஏறக்குறைய நேர் வடக்கு என்பதால் காற்று கணக்கை மாற்றிவிடும். சோளகம் (தென்மேற்குக் காற்று) முதுகில் 15 நொட் தள்ளினால் போகும்போது 59 நிமிடம், அதே காற்றை எதிர்த்துத் திரும்பும்போது 71. வாடைக் காலத்தில் இது தலைகீழ்.

வெள்ளவத்தையில் இருந்து பார்த்தால் இரத்மலானையின் பெரிய வசதி தரையில்தான் இருக்கிறது. காலி வீதியில் ஏழு கிலோமீற்றர் அளவு, விடியற்காலை என்றால் ஓட்டோவில் இருபது நிமிடம். கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையம் இரத்மலானையைவிடப் பலாலிக்கு 39 கிலோமீற்றர் கிட்ட; வானத்தில் எட்டு நிமிடம் மிச்சம். அங்கே போய்ச்சேரவோ ஒரு மணித்தியாலம் வேண்டும். ஒரு மணித்தியாலம் முன்னே வந்து பதிவதையும், பலாலியில் இருந்து யாழ் நகருக்கான அரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வீதிப் பயணத்தையும் சேர்த்தால் வாசலில் இருந்து வாசலுக்கு மூன்றேகால், மூன்றரை மணித்தியாலம். இரவு பஸ்ஸின் பாதிக்கும் குறைவு. வயதானவர்களுக்கும் ஒரே நாளில் போய்வர வேண்டியவர்களுக்கும் இது உண்மையிலேயே பெரிய உதவி.

பொதியில்தான் கவனம் வேண்டும். கரவான் கிளம்பும்போது மொத்த எடை நான்கு தொன்னைத் தாண்டக்கூடாது. ஆள், பொதி, எரிபொருள் எல்லாம் அதற்குள். பலாலியில் இறங்க முடியாவிட்டால் வேறு நிலையத்துக்குப் போகவும் எரிபொருள் வேண்டும், அதனால் ஆசனம் இருந்தும் பொதிக்கு இடமில்லாமல் போகலாம். விமானத்தின் வயிற்றடியில் உள்ள பொதிப்பெட்டி ஆழம் குறைந்தது. பெரிய கெட்டியான சூட்கேஸ் அதற்குள் நுழையாமல் போகலாம், துணிப்பை அமுங்கிக் கொடுக்கும். ஊரில் இருந்து மாம்பழப் பெட்டியோடு திரும்ப நினைப்பவர்கள் எடையளவை ரிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உட்பகுதி காற்றழுத்தம் ஏற்றப்படாதது, அதனால் வழமையாக 10,000 அடிக்குக் கீழேதான் பறக்கும். முகிலுக்கு மேலே ஏறித் தப்ப வழியில்லை. மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமுகில் கட்டும், அப்போது சுற்றிப் போவார்கள், அல்லது கிளம்பவே மாட்டார்கள். காலை விமானமே நல்லது. வடக்கே போகும்போது இடப்பக்க யன்னலைக் கேளுங்கள்: இறக்கை மேலே இருப்பதால் புத்தளம் களப்பும் மன்னார்த் தீவும் மறைப்பில்லாமல் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அன்றே கட்டுநாயக்காவில் வெளிநாட்டு விமானம் பிடிக்க இருப்பவர்கள் இடையில் அரை நாளாவது விடுங்கள். இரத்மலானைக்கும் கட்டுநாயக்காவுக்கும் நடுவில் கொழும்பு நகரம் முழுவதும் கிடக்கிறது.