கேபிளில் தொலைந்த 45 வாட்: பேர்ட் 43 வாட் மீட்டர்

என் 100 வாட் ஹாம் ரேடியோ செட்டின் குரல் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பாண்டில் மங்கிவிட்டது என்று நண்பர்கள் சொல்லத் தொடங்கியபோது, ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டும், செட்டிலேயே உள்ள எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் எந்தக் குறையையும் காட்டவில்லை. மின் வழங்கியில் கோளாறோ என்று, அலைபரப்பும்போதே செட்டின் முனையில் வோல்ட் அளந்து பார்த்தேன், 13.8 வோல்ட் இறங்காமல் நின்றது. அதன்பின் கைக்கு வந்ததுதான், ரேடியோ அலையின் திறனை அளக்கும் பழைய பேர்ட் 43 வாட் மீட்டர்.

இதற்கு மின்கலம் தேவையில்லை. முகப்பிலுள்ள குழியில் எலிமென்ட் என்னும் சிறு உருளையைச் செருகி, அதன் மேலுள்ள அம்புக்குறியை ஆண்டெனாப் பக்கம் திருப்பினால் செல்லும் திறனையும், செட்டின் பக்கம் திருப்பினால் எதிரொலித்து வரும் திறனையும் முள் காட்டும். செட்டிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள் பாதையில் எந்த இடத்திலும் இதை இணைக்கலாம் என்பதே எனக்குப் பெரிதும் உதவியது.

செட்டின் வாயிலில் மீட்டரையும், ஆண்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கி வெப்பமாக்கும் டம்மி லோடையும் பூட்டி, சி.டபிள்யூ. (மோர்ஸ்) முறையில் சில நொடிகள் சாவியை அழுத்தியபோது முழு 100 வாட்டும் வந்தது. பிறகு மீட்டரையும் டம்மி லோடையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கேபிளின் மறுமுனையில் பூட்டினால், முள் 55 வாட்டைத் தாண்டவில்லை. 20 மீட்டர் நீள ஆர்.ஜி. 58 கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் இயல்பாக விழுங்குவது ஏறத்தாழ 15 வாட்தான். முனையிலிருந்த பி.எல். 259 இணைப்பியை வெட்டித் திறந்தேன். மழைநீர் இறங்கி, செம்புப் பின்னல் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. இத்தகைய கேபிள் திரும்பி வரும் அலையையும் வழியிலேயே விழுங்கிவிடுவதால், செட்டிலுள்ள மீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றியபின் மாடியில் 84 வாட் கிடைத்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். துல்லியம் எலிமென்ட்டின் முழு அளவில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், 100 வாட் எலிமென்ட்டில் 10 வாட்டை அளப்பவர் அந்த எண்ணை நம்பக்கூடாது. மீட்டர் காட்டுவது சராசரித் திறன் என்பதால் எஸ்.எஸ்.பி. என்னும் குரல் முறையில் பேசும்போது முள் தாழ்ந்தே ஆடும். அதைக் கண்டு செட் பழுதாகிவிட்டதென்று பதறவேண்டியதில்லை. ஒவ்வொரு அலைவெண் வீச்சுக்கும் திறன் அளவுக்கும் தனி எலிமென்ட் வாங்கவேண்டியிருப்பது செலவை ஏற்றிவிடுகிறது, உள்ளே டையோடு இருப்பதால் எலிமென்ட்டைக் கீழே போடாமல் கையாளவும் வேண்டும்.

எச்.எஃப். (சிற்றலை) பாண்டுகளில் மட்டும் இயங்குபவருக்கு 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் 100எச் எலிமென்ட் ஒன்றே போதும். பழையதாக வாங்குவோர், அறிந்த திறனுள்ள செட்டும் நல்ல டம்மி லோடும் வைத்து அதைச் சோதித்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும்.