மெமரீஸ் ஆஃப் மர்டரா, தி சேசரா?

போன சனிக்கிழமை ராத்திரி தங்கச்சி மாப்பிள்ளை வந்திருந்தார். கொரியப் படமே பார்த்ததில்லையாம், “நல்ல போலீஸ் படமா ஒண்ணு போடுங்க மச்சான்” என்றார். மனதில் வந்தவை இரண்டு. போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003), நா ஹாங்-ஜினின் முதல் படமான ‘தி சேசர்’ (2008). போட்டது முதலாவதை.

இரண்டுமே நிஜக் கொலைகளிலிருந்து பிறந்தவை, இரண்டிலும் போலீஸ் சொதப்பும், நடிப்பில் குறையே கிடையாது. அதை விடுங்கள்.

முதல் தடவை பார்ப்பவருக்கு சேசர்தான் வேகம். சியோலின் மாங்வோன் பகுதிச் சந்துகளில், போலீஸ் வேலையை விட்டு மாமா வேலைக்கு இறங்கிவிட்ட கிம் யூன்-சொக் மூச்சிரைக்க ஓடுவார். தன்னிடம் வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டவனின், 4885 என்று முடியும் நம்பருக்கு அவர் போன் போட, எதிரில் நிற்பவனிடமே மணி அடிக்கும். கொலைகாரன் சீக்கிரமே மாட்டிவிடுவான், ஒப்புக்கொள்ளவும் செய்வான். ஆனால் ஆதாரம் கிடையாது, 12 மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைக்கவும் முடியாது. அதற்குள் அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை விஷயம் ஒன்றுதான், மறுபடி பார்க்க முடியுமா? சேசரின் முடிவு தெரிந்த பிறகு எனக்கு மறுபடி உட்கார மனசு வரவில்லை. ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தத் தீர்ப்பு கொஞ்சம் அவசரமானதாகவும் இருக்கலாம். மெமரீஸ் நாலு தடவை ஆகிவிட்டது. அதில் விடையே கிடைக்காது என்பதால் ‘முடிவு தெரிந்துவிட்டது’ என்ற தொல்லையும் இல்லை. வயலோரத்தில் கொலைகாரனின் காலடித் தடத்தைக் கட்டிக் காக்கும்போது ஒரு டிராக்டர் அதன்மேல் ஏறிப் போகும். முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தேன். சந்தேகப்பட்டவனை உதைக்கும் போலீஸ்காரர் தடம் தெரியாமலிருக்க பூட்ஸுக்கு உறை மாட்டிக்கொள்வதைப் பார்த்தும் அப்போது சிரிப்புதான் வந்தது.

2019-ல் நிலைமை மாறியது. 1986 முதல் 1991 வரை தென் கொரியாவின் ஹ்வாசொங்கில் நடந்த, மெமரீஸுக்கு அடிப்படையான அந்தக் கொலைகளைச் செய்தவர் டிஎன்ஏ மூலம் தெரியவந்தார். 1994-ல் செய்த இன்னொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவர்தான். எட்டாவது கொலைக்காக ஏறக்குறைய 20 வருஷம் உள்ளே இருந்த வேறொரு மனிதரை 2020-ல் கோர்ட் நிரபராதி என்று சொன்னது. அதன் பிறகு அந்தப் பூட்ஸ் உறையைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? கடைசிக் காட்சியில், போலீஸாக நடித்த சாங் காங்-ஹோ கேமராவையே உற்றுப் பார்ப்பார், கொலைகாரன் தியேட்டருக்கு வரக்கூடும் என்று நினைத்துத்தான் இயக்குநர் அப்படி வைத்தார். அந்த ஆள் சிறையில் படத்தைப் பார்த்ததாகவும், தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றும் கோர்ட்டில் சொன்னாராம்.

ஒரு விஷயம், ஆங்கில சப்டைட்டிலை அப்படியே நம்பாதீர்கள். சுரங்கப்பாதை வாசலில், மழையில், சந்தேகப்பட்டவனின் முகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு சாங் காங்-ஹோ கேட்பது “வேளாவேளைக்குச் சாப்பிடுறியா?” என்றுதான். அது அவரே யோசித்துச் சேர்த்த வசனம். நமக்கு அர்த்தம் சொல்லவே வேண்டாம், மாப்பிள்ளையும் அந்த இடத்தில் கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் சேசர் கேட்டிருக்கிறார். போடுவேன், ஆனால் தங்கச்சி தூங்கிய பிறகுதான். சுத்தியல் வரும் படம்.