சூடேறும் படகு இன்ஜின்: நேரடிக் கடல்நீரா, கூலன்ட் சுற்றா?

படகின் உடலுக்குள்ளேயே பொருத்திய இன்போர்டு இன்ஜினைக் குளிர்விக்கப் பரவலாக இரண்டு வழிகள். கடல்நீரை உறிஞ்சி, சிலிண்டர்கள் இருக்கும் உலோக உடலான இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே ஓடவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே தள்ளுவது ஒன்று. பிளாக்குக்குள் கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவத்தை மட்டும் சுற்றவிட்டு, அதன் சூட்டை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கடல்நீரிடம் இறக்கிவிடுவது மற்றொன்று. முதல் முறையில் ஆறு வருடம் ஓட்டினேன். இரண்டாவதற்கு மாறி நான்கு வருடம் ஆகிறது. இனி திரும்பிப் போவதாக இல்லை.

நேரடி முறை மலிவு, எடை குறைவு, பாகங்களும் குறைவு. நன்னீர் ஏரியில் மட்டும் ஓடுகிற படகுக்கு அதுவே தாராளம். உப்புநீரில்தான் கதை மாறுகிறது.

எந்த முறையானாலும் சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறினால் முதலில் பார்க்க வேண்டியவை ஒன்றுதான். உடனே வேகத்தைக் குறைத்துவிட்டு, புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். தண்ணீர் குறைந்து ஆவி அதிகம் வந்தால் கடல்நீர்ப் பக்கம்தான் கோளாறு. உறிஞ்சுவாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம், வடிகட்டியில் பாசி அடைத்திருக்கலாம், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் முறிந்திருக்கலாம். தண்ணீரின்றிச் சில நிமிடம் சுற்றினாலே அந்த ரப்பர் கருகிவிடும். புது இம்பெல்லரைப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. பழையதில் எத்தனை இதழ் காணோம் என்று எண்ணி, அத்தனை துண்டுகளையும் குழாய்வழியே தேடி எடுத்தாக வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் அடுத்த வாரம் அதே சூடு.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால்? இரண்டு முறைகளும் பிரிகிற இடம் இதுதான்.

என் பழைய இன்ஜின் மெதுவாக ஓட்டினால் ஒழுங்காக இருக்கும். வேகம் கூட்டினால் பத்தே நிமிடத்தில் அலாரம் அலறும். இம்பெல்லர், தெர்மோஸ்டாட் (குறிப்பிட்ட சூட்டில் திறந்து நீரை விடும் வால்வு), ஹோஸ் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். புகையும் தண்ணீரும் கலக்கும் வளைவுக் குழாயான எல்போவைக் கழற்றினேன்; கரியும் உப்பும் சேர்ந்து பாதி வாயை அடைத்திருந்தன. சுத்தம் செய்தபின் கொஞ்ச நாள் தாங்கியது, பிறகு பழையபடியே. கடைசியில் தெரிந்தது, பிளாக்கின் நீர்வழிகளிலேயே படிவமும் துருவும் அப்பியிருக்கின்றன என்று. கடல்நீரில் உள்ள கால்சியம் உப்புகள் சர்க்கரையைப் போலச் சூட்டில் கரைபவை அல்ல. சூடு ஏற ஏறப் பிரிந்து சுவரில் ஒட்டுகிறவை. அதனால்தான் நேரடி முறை இன்ஜினுக்கு ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்டாட்டைப் போடுகிறார்கள். படிவம் தள்ளிப் போகும், நிற்காது. அந்தக் குறைந்த சூட்டில் எரிபொருளும் முழுக்க எரிவதில்லை, ஆயிலில் கசடு சேர்கிறது.

அமிலம் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். கழன்ற சில்லுகள் வேறொரு வளைவில் போய் அடைத்தன. உள்ளே எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வழியே இல்லை. என் முடிவுக்குக் காரணம் இது ஒன்றுதான்.

கூலன்ட் சுற்றிலும் உப்பு படியத்தான் செய்கிறது. ஆனால் படிகிற இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்க்கட்டு. இரு முனை மூடிகளையும் கழற்றி வெளிச்சம் அடித்தால் எந்தக் குழாய் திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். என்னுடையதில் குழாய்க்கட்டை அப்படியே உருவி எடுத்து, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, புது ரப்பர் வளையங்களோடு மாட்டிவிடலாம். ஒரு நாள் வேலை. பிளாக்குக்குள் உப்பு எட்டுவதே இல்லை என்பதால் இன்ஜின் 80 டிகிரியை ஒட்டி நிம்மதியாக ஓடுகிறது.

கோளாறு கண்டுபிடிப்பதும் எளிது. தொடாமல் சூடு பார்க்கும் வெப்பமானியைக் குழாய்களின் மேல் காட்டினால் போதும். எக்ஸ்சேஞ்சரைவிட்டு வெளியேறும் கடல்நீர் வழக்கத்தைவிட நிறையச் சுட்டால் நீர்வரத்து குறைந்திருக்கிறது. கூலன்ட் மட்டும் எகிறி, கடல்நீர் வழக்கமான சூட்டோடுதான் வெளியேறுகிறது என்றால் குழாய்க்கட்டில் படிவம். நல்ல நாளில் எழுதிவைத்த அளவுகள் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாமல் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை.

இதற்கும் பராமரிப்பு உண்டு. எக்ஸ்சேஞ்சரில் உள்ள துத்தநாகக் கட்டை அரிமானத்தைத் தன்மேல் வாங்கிக் கரைகிறது. பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்கள். விட்டால் அடுத்துக் குழாய்களே அரிக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், உள்ளே ஒரு குழாய் ஓட்டையாகிக் கூலன்ட் கடலுக்குப் போகிறதா என்று பாருங்கள். கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழி வந்தால், பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையே அடைக்கும் ஹெட் கேஸ்கெட்மேல் சந்தேகப்படலாம். சூடாக இருக்கும்போது தொட்டியின் மூடியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும்.

அடிப்பகுதியில் படகுக்கு வெளியே குழாய் பதித்துக் கூலன்ட்டைக் குளிர்விக்கும் கீல் கூலிங் என்று மூன்றாவது வழியும் உண்டு. கடல்நீர் இன்ஜினுக்குள் வருவதே இல்லை, ஆகவே சேறும் மணலும் கலங்கும் ஆழமற்ற நீருக்கு நல்லது என்கிறார்கள். வெளிக்குழாயில் பாசியும் சிப்பியும் ஏறினால் குளிர்ச்சி குறையும். இரண்டு நண்பர்களின் படகில் பார்த்ததோடு சரி, நானே ஓட்டியதில்லை. அதனால் அதை இந்த ஒப்பீட்டில் நிறுத்த மாட்டேன்.

பழைய இன்ஜினிலேயே எக்ஸ்சேஞ்சரைப் பொருத்தும் தொகுப்பும் கிடைக்கிறது. புது இன்ஜினுக்கு அது நல்ல முதலீடு. பல வருடம் உப்புநீர் குடித்த பிளாக் என்றால் முதலில் அழுத்தச் சோதனை செய்து பாருங்கள். உள்ளே இருக்கும் படிவம் அப்படியே இருக்கும், துரு தின்ற இடங்களில் கூலன்ட் கசியும். என்னுடையது அந்தச் சோதனையில் பத்து நிமிடம்கூட அழுத்தம் தாங்கவில்லை. அதனால்தான் தொகுப்பு வாங்காமல் இன்ஜினையே மாற்றினேன்.