தோலும் நகமும் சேர்ந்த சோரியாசிஸ்: திருகோணமலையில் இருப்பவருக்கு எந்த ஊசி?

சோரியாசிஸ் என்பது தோலில் செதில் திட்டுகள் படரும் அழற்சி நோய். மெதோட்ரெக்சேட் மருந்துக்கும் ஒளிச்சிகிச்சைக்கும் அடங்காதபோதுதான் வழக்கமாக பயோலொஜிக் ஊசிகள், அதாவது அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தைத் தடுக்கும் மருந்துகள். எல்லாமே தோலைத் தெளிய வைக்கும். நகம், காசநோய் ஆபத்து, ஊசிகளின் இடைவெளி என்று பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அடலிமுமாப் (ஹுமிரா) டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுப்பது. முதல் நாள் 80 மில்லிகிராம், ஒரு கிழமை கழித்து 40, பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை 40. மூட்டுக்கும் நன்கு கேட்கும்; பயோசிமிலர்களும் (அதே மருந்தை ஒத்த வேறு கம்பெனித் தயாரிப்புகள்) வந்துவிட்டன. ஆனால் உடம்புக்குள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் ஆபத்து இந்த வகையில்தான் கூட. இதயச் செயலிழப்பு முற்றியவருக்கு இது ஆகாது. எந்த ஊசியானாலும் தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரேயும், ஹெபடைடிஸ் பி, காசநோய்ப் பரிசோதனைகளும் வேண்டும். பிறந்ததும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டவருக்கு, காசநோயைப் பார்க்கத் தோலில் போடும் மாண்டூ ஊசி பொய்யாக வீங்கிக் காட்டலாம். காசநோய்க்கான குவாண்டிஃபெரோன் இரத்தப் பரிசோதனை பிசிஜியால் ஏமாறாது.

செக்குகினுமாப், இக்செகிசுமாப் இரண்டும் ஐஎல்-17 என்ற புரதத்தைத் தடுக்கும் வகை. செக்குகினுமாப் 300 மில்லிகிராம், முதல் ஐந்து ஊசியும் கிழமைக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று. இக்செகிசுமாப் முதலில் 160, பிறகு 12ஆம் கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை 80, அதன்பின் நாலு கிழமைக்கு ஒன்று. வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம். குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவருக்கு இந்த வகை கொடுக்கக்கூடாது, நோயைக் கிளறிவிடும்.

ஐஎல்-23 என்ற புரதத்தைத் தடுக்கும் வகையில் குசெல்குமாப் 100 மில்லிகிராம்: 0, 4ஆம் கிழமைகளில், பிறகு எட்டுக் கிழமைக்கு ஒன்று. ரிசான்கிசுமாப் 150: அதே தொடக்கம், பிறகு பன்னிரண்டு கிழமைக்கு ஒன்று.

நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் இரண்டு முக்கியம். எக்லிப்ஸில் 48ஆம் கிழமை தோல் 90 வீதம் தெளிந்தவர்கள் குசெல்குமாப்பில் 84%, செக்குகினுமாப்பில் 70%. இக்சோரா-ஆரில் 24ஆம் கிழமை முழுத் தெளிவு இக்செகிசுமாப் 50%, குசெல்குமாப் 52%, கிட்டத்தட்ட சமம். ஆனால் அதே ஆய்வில் நகம் முழுதாகத் தெளிந்தவர்கள் இக்செகிசுமாப்பில் 52%, குசெல்குமாப்பில் 31%. ஆகவே நகந்தான் தொல்லை, அதுவும் சீக்கிரம் தெளிய வேண்டும் என்றால் ஐஎல்-17. குடல் நோயோ காசநோய்ப் பயமோ இருந்தால், அல்லது அடிக்கடி ஊசி போட வசதியில்லையென்றால் ஐஎல்-23.

நகத்தை வைத்து அவசரமாக முடிவெடுக்க வேண்டாம். கைநகம் மாதம் 3 மில்லிமீற்றர்தான் வளரும். முழு நகம் மாற ஆறு மாதம், கால்நகத்துக்கு ஒன்றரை வருடம் வரை. மூன்றாம் மாதம் பார்த்தால் அடிநகம் வழுவழுவென்று இருக்கும், நுனிப்பக்கம் ஊசியால் குத்தியது போன்ற பழைய குழிகளும் மஞ்சள் திட்டும் அப்படியே கிடக்கும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், அந்த நேரத்தில் பலர் மருந்தை விட்டுவிடுவது பெரிய இழப்பு. மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். தடித்த கால்நகம் என்றால் முதலில் நகத்துண்டில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஞ்சைக்கு இந்த ஊசி வேலை செய்யாது. நகத்துக்கடியில் ஈர்க்கால் கிண்டினால் அந்தக் காயத்திலேயே சோரியாசிஸ் திரும்பக் கிளம்பும்.

கடைசியாகக் குளிர். இந்த ஊசிகளை 2 முதல் 8 பாகையில் வைக்க வேண்டும். ஹுமிரா 25 பாகை வரை 14 நாள் வெளியே இருக்கலாம். திருகோணமலை வெயிலில் அறைக்குள்ளேயே 30 தாண்டும், அந்தச் சலுகை இங்கே செல்லாது. கொழும்பிலிருந்து எடுத்து வருவதென்றால் ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் பைக்கும் ஊசிக்கும் நடுவே துவாய் மடித்து வையுங்கள். பனியில் உறைந்த மருந்து உருகினாலும் பயனில்லை, எறிய வேண்டியதுதான். பிரிட்ஜில் கதவிலோ பிரீசருக்கு ஒட்டியோ வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். போடுவதற்கு அரை மணித்தியாலம் முன் வெளியே எடுத்து வைத்தால் எரிவு குறையும். தொப்புளிலிருந்து 5 சென்டிமீற்றர் தள்ளி, திட்டு இல்லாத தோலில் போட்டு, மருந்து முழுதும் இறங்கியதற்கு அந்தப் பேனா காட்டும் அடையாளம் (சில பேனாக்களில் இரண்டாவது கிளிக் சத்தம்) வரும்வரை எடுக்கக்கூடாது. முந்தி எடுத்தால் மருந்து தோலில் வழிந்துவிடும்.