கியர்பாக்ஸைத் திறக்காமலே ஓவர்ஹால் பில்

என்னிடம் இருப்பது பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். இந்த வயதில் அதை வைத்திருப்பதே ஒரு வேண்டுதல் மாதிரிதான். செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கும் கோவையில் கைதேர்ந்த ஆளுக்கா பஞ்சம் என்று தைரியமாக இருந்தேன்.

போன மார்கழியில், காலையில் வண்டியை எடுத்ததும் இரண்டாம் கியர் 'கரக்' என்றது. ஆயில் சூடேறினால் அடங்கிவிடும். ஐரோப்பிய வண்டிகளை மட்டுமே பார்க்கும், ஏசி அறையில் காபி கொடுத்து உட்கார வைக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கிளட்ச் போயிருச்சுங்க சார்" என்றார்கள்.

அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். கிளட்ச் சரியாகப் பிரியவில்லை என்றால் முதலில் முரண்டு பிடிப்பது ரிவர்ஸும் முதல் கியரும்தான். எனக்கு அவை இரண்டும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங்கைத்தான், அதாவது கியர் விழும் முன் உரசி வேகத்தைச் சமமாக்கும் பித்தளை வளையத்தைத்தான், சந்தேகப்பட வேண்டும்.

கிளட்சுக்கு 38,000 ரூபாய். சத்தம் போகவில்லை. "அப்ப கியர்பாக்ஸ் ஓவர்ஹால் பண்ணணுங்க" என்றார்கள். பெட்டியைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றும் வேலை. 18 நாள், இன்னொரு 64,000. பில்லில் சிங்க்ரோ ரிங், பேரிங் செட், ஆயில் என்று வரிசையாக இருந்தது. பழைய பார்ட்ஸைக் கேட்டதற்கு, "ஸ்கிராப்புக்குப் போயிருச்சுங்க." ஒரு வாரம் ஓடியது. அப்புறம் பழைய கரகரப்போடு, வேகம் கூடக்கூட ஒரு ஊளைச் சத்தமும் சேர்ந்துகொண்டது.

போத்தனூர்ப் பக்கம் ஒரு பெரியவர். ரேஸ் வண்டிகளில் கை வைத்தவர். வண்டியைத் தூக்கி டார்ச் அடித்தார். இந்தக் கியர்பாக்ஸில் ஐந்தாம் கியர் தனியாக, ஓரத்தில் ஒரு தகர மூடிக்குள் இருக்கும். அந்த மூடியையும் ஐந்தாம் கியரையும் கழற்றாமல் உள்ளே இருக்கும் இரண்டாம் கியரைத் தொட முடியாது. மூடியின் போல்ட் தலைகளில் பல வருஷத்துச் சேறும் ஆயிலும் கருங்கல்லாக இறுகிக் கிடந்தன. நகத்தால் சுரண்டிக் காட்டினார். "இங்க ஸ்பேனரே படல தம்பி."

ஆயிலை வடித்தோம். விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தால் தங்கப் பொடி மாதிரி மினுக்கம். சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. பில்லைப் பார்த்தால் ஊற்றியது ஜிஎல்-5 தர கியர் ஆயில். இந்தப் பெட்டிக்கு வேண்டியது ஜிஎல்-4. ஜிஎல்-5 வழுக்கலில் சிங்க்ரோ ரிங்குக்குப் பிடி கிடைக்காது, சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளையையும் அரிக்கும்.

கடைசியாக ஒரு ரிவெட் தலையும் வந்து விழுந்தது. இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலில், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தை ரிவெட் அடித்துத்தான் பொருத்தியிருப்பார்கள். அது அறுந்தால் கியர்பாக்ஸ் கூட்டையே ஓட்டை போட்டுவிடும். இந்தப் பெட்டிக்குப் பேர்போன வியாதி இது. ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் போடுவதுதான் வைத்தியம். உண்மையிலேயே திறந்திருந்தால் அப்போதே கண்ணில் பட்டிருக்கும். பணம் போனதைவிட இதுதான் வயிற்றெரிச்சல். வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போகக்கூட பெரியவர் விடவில்லை.

கியர்பாக்ஸ் வேலைக்கு விடுகிறவர்கள், பழைய பார்ட்ஸ் திரும்ப வேண்டும் என்று வண்டியை விடும்போது போடும் ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். வீட்டில் நெயில் பாலிஷ் இருந்தால் கியர்பாக்ஸ் போல்ட் இரண்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டு விடுங்கள், கழற்றியிருந்தால் பூச்சு உடைந்திருக்கும். சிரிக்காதீர்கள், 64,000 ரூபாய்.

ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டேன். "அடுத்த சர்வீஸ்ல லேபர் போடாம பண்ணித் தர்றோங்க சார்" என்றார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பெரியவர் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். போல்ட் தலைகளை இன்னும் துடைக்கவில்லை.