"இலேசான வண்டிதானே சார்" என்று சொல்லி லிஃப்ட் விற்பவரிடம் கவனமாக இருங்கள்

வீட்டு கராஜில் இரட்டைத் தூண் லிஃப்ட் (இரு தூண்களிலிருந்து நீளும் கைகளால் காரைத் தூக்கும் இயந்திரம்) போட நினைக்கும் கிட் கார்காரர்களுக்காக, அதாவது பாகங்களாக வாங்கிக் காரைத் தாங்களே பூட்டுகிறவர்களுக்காக, இதை எழுதுகிறேன். மூன்று வருடம் ஒவ்வொரு பாகமாக நானே பூட்டிய வண்டி, லிஃப்ட் வந்த முதல் நாளே அடிவயிறு நசுங்கி நிற்கிறது.

எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சேசிஸ், அடியில் மெல்லிய அலுமினியத் தகடு, மேலே ஃபைபர்கிளாஸ் பாடி. மொத்த எடை 600 கிலோதான். கம்பெனி கார்களில் ஜாக் கொடுப்பதற்கென்றே கெட்டியான இடங்கள் இருக்கும், இதில் அப்படி எதுவும் கிடையாது, லிஃப்டின் கைகளை எங்கே கொடுப்பது என்று வாங்கும்போதே கேட்டேன். "சார், இது நாலு டன் தூக்குற லிஃப்ட். உங்க வண்டி இதுக்குப் பொம்மை மாதிரி. எங்க வச்சாலும் தூக்கிடும்" என்றார் விற்றவர். லிஃப்ட் தூக்கும், சரி. வண்டி அதைத் தாங்குமா என்பதுதானே என் கேள்வி?

பொருத்த வந்த ஆட்கள் தாங்களே ஏற்றிக்காட்டுவதாகச் சொன்னார்கள். என் வண்டியின் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே இடம் குறைவு. கைகள் எட்டிய இடத்தில், அவற்றின் நுனியில் வண்டியைத் தாங்கும் பேடை வைத்துவிட்டார்கள். பின்பக்கம் ஒன்று குழாயின் நட்டநடுவில், இன்னொன்று வெறும் தகட்டின் மேல். ஒரு அடி உயரம் போயிருக்கும், ரிவெட்டுகள் படபடவென்று தெறித்தன. தகடு உள்ளே குழிந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கத்திய கத்தில் நிறுத்தினார்கள். மெல்ல இறக்கிப் பார்த்தால் குழாயும் வளைந்திருந்தது.

அன்று இரவு தூண்களின் அடியைப் பார்த்தேன். தூணைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் ஒன்றின் நட்டு சாதாரண ஸ்பேனருக்கே சுற்றியது. ஓரத்தில் சிறு துளை போட்டு அளந்தேன், கான்கிரீட் 3 அங்குலம்கூட இல்லை. பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்த கையேட்டில் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, விரிசலுக்குப் பக்கத்தில் துளை போடக் கூடாது என்று படம் போட்டே எழுதியிருக்கிறது. என் வலது தூண் விரிசலை ஒட்டித்தான் நின்றது. இந்த வகை லிஃப்ட் முழுக்க அந்த போல்ட்டுகளை நம்பித்தான் நிற்கிறது. அதற்கு அடியில் நான் படுத்து வேலை செய்வதாக இருந்தேன். நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

விற்றவருக்குப் போன் செய்தால், "தரை உங்க பொறுப்பு, வீட்டுல கட்டுன வண்டிக்கு நாங்க கேரண்டி தர்றதில்ல" என்றார். விற்கும்போது தரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு இதே மாதிரி வண்டி கட்டிய அனுபவசாலி ஒருவர் வந்து பார்த்தார். குழாய்கள் வந்து கூடும் முடிச்சுகளின் அடியில்தான் பேடு உட்கார வேண்டும், நடுக் குழாயும் தகடும் ஆகவே ஆகாது என்றார். வண்டி தாழ்வாக இருப்பதால் முதலில் பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்தினால்தான் கைகள் நுழையும். சக்கரம் தரையை விட்டதும் நிறுத்தி, ஆட்டிப் பார்த்த பிறகே மேலே போக வேண்டும். உயரம் போனதும் ஹைட்ராலிக்கை நம்பி விடாமல், இரண்டு பக்கமும் இரும்பு லாக்கில் உட்காரும்வரை இறக்கிவிட வேண்டும்.

அவர் சொன்னதில் என்னை உலுக்கியது எஞ்சின் விஷயம்தான். எடை குறைந்த வண்டியில் முன்னால் இருக்கும் எஞ்சினும் கியர்பாக்ஸும்தான் எடையில் பெரும் பங்கு. லிஃப்டில் இருக்கும்போதே அவற்றைக் கழற்றினால் பாரம் பின்னால் போய் வண்டி பின்பக்கம் கவிழக்கூடும். அடுத்த மாதம் நான் செய்யவிருந்த வேலையே அதுதான்.

தூண்களைக் கழற்றிச் சுவரோரம் படுக்கவைத்துவிட்டேன். தரையை வெட்டி ஆழமாகப் புது கான்கிரீட் போடப்போகிறேன், அது இறுக 28 நாள். அதுவரை வண்டி நான்கு ஸ்டாண்டுகளின் மேல், நான்கும் முடிச்சுக்கு அடியில்.