போதைத் தடுப்பு மானியம்: காசு சரி, படிவம்தான் தலையிடி

இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் தோட்ட இளைஞர் மன்றத்துக்கு ஒரு தொண்டு நிறுவனத்தின் போதைத் தடுப்பு மானியம் கிடைத்தது. பெயர் வேண்டாம், விண்ணப்பிக்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காசு சொன்ன தேதியில் வங்கிக்கு வந்தது. போனில் பேசிய தம்பியும் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். ஆனால் படிவம் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் வேறு நாட்டுக்குப் போட்டதை அப்படியே இறக்கிவிட்ட மாதிரி. 2017இல் ஓபியாய்டு (அபின் வகைப் போதை மருந்து) நெருக்கடியைப் பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்த அமெரிக்காவில், ஃபென்டனில் என்கிற கடும் ஓபியாய்டு ஆட்களைக் கொல்கிற இடத்தில், ஓபியாய்டு அளவு மீறினவரை மீட்கிற நலோக்சோன் மருந்தை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் சரி. இங்கே எங்களுக்குத் தலைவலி ஹெரோயின் தூள், டிரமடோல் மாத்திரை, அப்புறம் ஓபியாய்டே இல்லாத ஐஸ் (மெத்தம்பெட்டமின்). அந்தக் கட்டத்தில் என்னத்தை எழுதுவது?

பெரிய குறை செலவுத் தலைப்புகள். பேனர், டீசேர்ட், மண்டப வாடகை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. மகனைக் கண்டிக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிற அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாள் கூலி போய்விடும், பஸ் காசும் சொந்தக் கையிலிருந்துதான். அதற்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு "அது தனிநபர் உதவி" என்று வெட்டிவிட்டார்கள். டீசேர்ட் மட்டும் தனிநபர் போடாமல் லய வீடா போடும்?

பயணச் செலவைத் 'தொடர் கவனிப்பு' என்று முதலிலேயே போட்டு அனுப்புங்கள், பக்கத்துத் தோட்டத்துக்கு அப்படித்தான் பாஸானது. அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும் பேனரில் பெரிதாக அடியுங்கள். இந்த மானியத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.